ஏழாவது முடித்த பிள்ளைக்கு எந்தக் கணக்குப் புத்தகம்? காவேரிப்பட்டணத்து நிகழ்வு ஆய்வு

"ஏழாவதுல கணக்கு 38 மார்க். எட்டாவது போறதுக்குள்ள அல்ஜீப்ராவுக்கு நல்ல புத்தகமா ஒண்ணு வாங்கணும்." கேள்வி இவ்வளவுதான். எட்டாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஏப்ரல் மாதம் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. இந்த ஆய்வில் வரும் மாணவி ஒரு மாதிரி உருவம். 6, 7ஆம் வகுப்பு நோட்டுகளில் அன்றாடம் காணும் தவறுகளை ஒரே பெண்ணிடம் சேர்த்து வைத்திருக்கிறோம், அந்தத் தவறுகளிலிருந்து புத்தகத்துக்கு எப்படிப் போவது என்று காட்டுவதற்காக.

வீட்டு நிலவரம் முதலில், ஏனென்றால் புத்தகத் தேர்வில் அதற்கும் பங்கு உண்டு. ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம். பெண் ஐந்தாவது வரை தமிழ்வழி. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவு. அப்பா தோட்டம் தோட்டமாகப் போய் மாங்காய் பேசி மாங்கூழ் ஆலைக்கு அனுப்புகிறவர். மே, ஜூனில் வீடு திரும்ப இரவு பத்தாகிவிடும். அம்மா பத்தாவது வரை படித்தவர், கணக்கு மறந்துவிட்டது. பாட்டி சந்தைக் கணக்கில் கெட்டி. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. பிள்ளை தானே பார்த்துப் படித்து, விடையைத் தானே சரிபார்க்கிற மாதிரி புத்தகம் வேண்டும்.

கையில் ஐந்து புத்தகங்கள் இருந்தன. பள்ளியில் கொடுத்த மாநிலப் பாடநூல் (6, 7ஆம் வகுப்புகள்), ஆங்கிலவழி. அதே பாடநூலின் தமிழ்வழிப் பதிப்பு, எதிர்வீட்டுப் பையனுடையது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஓடும் என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்புப் புத்தகம், பழைய பதிப்பு, பழைய புத்தகக் கடையில் எடுத்தது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மாமா கொண்டுவந்த அமெரிக்க 'ப்ரீ அல்ஜீப்ரா' புத்தகம், செங்கல் கனம். கடைசியாக ஒரு கைடு.

அந்த 'ப்ரீ அல்ஜீப்ரா' என்ற சொல்லே வீட்டைக் குழப்பியது. அமெரிக்காவில் அது ஓராண்டுப் பாடம். எண் கணிதத்துக்கும் முழு இயற்கணிதத்துக்கும் (அல்ஜீப்ரா) நடுவில், பெரும்பாலும் 7ஆம் அல்லது 8ஆம் வகுப்பில் வரும். பின்னம், குறை எண்கள் (−3 போன்றவை), விகிதம், சதவீதம், எளிய சமன்பாடு எல்லாம் அதில் ஒரே அட்டைக்குள் இருக்கும். நம்மூரில் அதற்கென்று தனிப் பாடம் கிடையாது. அதே சரக்கு 6, 7, 8 மூன்று வகுப்புகளிலும் பிரித்துப் போடப்பட்டிருக்கிறது. ஆகவே 'ப்ரீ அல்ஜீப்ரா புத்தகம் எங்கே கிடைக்கும்' என்று கடை கடையாகத் தேட வேண்டியதில்லை. அது ஏற்கெனவே வீட்டு அலமாரியில் மூன்று நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. எந்தத் துண்டு முதலில் என்பதுதான் விஷயம்.

புத்தகத்துக்கு முன்னால் ஒரு தாள்

புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் பிள்ளைக்கு 20 கணக்கு கொடுக்க வேண்டும். 40 நிமிடம். பேனாவில் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது, தப்பு என்று பட்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுதலாம். ரஃப் வேலையும் அதே தாளில். மதிப்பெண் போடப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் தெரியாததை வெறுமனே விட்டுவிடுவார்கள். நமக்கு வேண்டியது தவறான விடைதான். வெற்றிடத்திலிருந்து ஒன்றும் தெரியாது.

பங்கீடு இப்படி: வாய்ப்பாடு 2, செயல்களின் வரிசை 2, சமக்குறி 3, பின்னம் 4, குறை எண்கள் 4, எழுத்துகள் வரும் கணக்கு 3, வாக்கியத்தைக் குறியீடாக்குவது 2. மதிப்பு தெரியாத எண்ணுக்கு நிற்கும் எழுத்துதான் மாறி; அதற்குப் புத்தகங்களில் ஆங்கில எக்ஸ் போடுவார்கள். இங்கே அதற்குப் பதில் 'ம' என்று எழுதுகிறோம்.

வாய்ப்பாடு இரண்டும் சரி. இது முக்கியம். 7 × 8-க்கே விரல் விட்டு எண்ணுகிற, எண்களை இடம் மாற்றி எழுதுகிற, கரும்பலகையிலிருந்து நோட்டுக்குப் பெயர்க்கும்போது வரி தவறுகிற பிள்ளையாக இருந்தால் கதை வேறு. அங்கே புத்தகத்தை மாற்றிப் பயனில்லை. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், முதலில் அவர்களிடம் காட்ட வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மற்றவை:

8 + 4 = □ + 5. கட்டத்தில் 12 என்று எழுதினாள். விடை 7. பெற்றோர் பலர் இதைக் கவனக்குறைவு என்பார்கள். இல்லை. ஐந்தாறு வருடமாக '=' வந்தாலே அடுத்து விடை எழுத வேண்டும் என்று பழகிய கை அது. 'இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு' என்ற பொருள் அவளுக்கு அந்தக் குறியில் தெரியவே இல்லை. ம 3 என்றால் 5ம + 2 எவ்வளவு என்ற கணக்கில் '5 × 3 = 15 + 2 = 17' என்று ஒரே வரியில் ஓட்டியிருந்தாள். விடை சரி, எழுதியது தப்பு. 5 × 3 என்பது 15 + 2 ஆகாது. விடையை மட்டும் பார்த்துச் சரி போடுகிறவர் கண்ணில் இது படாது. நல்லவேளை, 5ம-வை 53 என்று எழுதவில்லை; அப்படி எழுதும் பிள்ளைகளும் உண்டு.

2 + 3 × 4 = 20. இடமிருந்து வலம் போட்டிருக்கிறாள். பெருக்கலை முதலில் போட வேண்டும், விடை 14.

3/4 + 1/2 = 4/6. மேலே மேலே, கீழே கீழே. பாட்டி அங்கேயே உட்கார்ந்திருந்தார். "ஏங்கண்ணு, முக்கால் கிலோவும் அரைக் கிலோவும் போட்டா எவ்ளோ?" "ஒண்ணேகால், பாட்டி." ஒரு நொடிகூட ஆகவில்லை. தாளில் 4/6, வாயில் ஒன்றேகால். இரண்டும் ஒரே கணக்கு என்பது அவளுக்குத் தெரியவில்லை. அடுத்து பாட்டி கேட்டது இன்னும் கூர்மை: "அரைக்காலும் அரைக்காலும்?" "கால்." அதையே 1/8 + 1/8 என்று எழுதிக் கொடுத்தால் 2/16 என்றாள். 2/16-ஐச் சுருக்கினால் மறுபடி 1/8. அரைக்காலோடு அரைக்காலைச் சேர்த்தால் அரைக்கால்தான் என்று ஆகிறது. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே அடித்தாள்.

−7 + 4 = −11. 5 − 8 = 3. 3 − (−2) = 1. சரியான விடைகள் −3, −3, 5. முதலாவதில் குறி ஒரு பக்கம், கூட்டல் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டாள். இரண்டாவதில் 'பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்' என்ற சின்ன வகுப்புப் பாடம் அப்படியே நிற்கிறது.

3ம + 4 = 7ம. 2ம = 10 என்றால் ம = 8 (விடை 5). இந்த இரண்டாவது தவறு எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் பதில் கிடைத்தது: "அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்." பத்திலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். 'பக்கம் மாறினால் குறி மாறும்' என்ற சூத்திரம், ஏன் மாறுகிறது என்பது இல்லாமல் தலையில் ஏறினால் பெருக்கலுக்கும் அதையே போடுவார்கள்.

வாக்கியக் கணக்கு இரண்டில்தான் மொழி வெளிப்பட்டது. ஆங்கிலத்தில் 'ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்' என்று கொடுத்ததற்கு 5 − ம எழுதினாள். அதையே தமிழில் 'ஓர் எண்ணை விட 5 குறைவு' என்று சொன்னதும் ம − 5. தமிழ் வாக்கியத்தில் எண் முன்னால் வருகிறது, 5 பின்னால் வருகிறது. வார்த்தை வரும் வரிசையிலேயே எழுதினால் போதும். ஆங்கிலத்தில் தலைகீழாக எழுத வேண்டும். பின்னத்தில் இது அப்படியே புரண்டுவிடும். தமிழில் 'நான்கில் மூன்று' என்கிறோம். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 4/3 ஆகிவிடும். அதனால்தான் தமிழ்வழிப் பிள்ளைகள்கூட வகுப்பில் 'மூணு பை நாலு' என்று படிக்கிறார்கள். எழுத வசதி. ஆனால் நாலு பங்கில் மூணு பங்கு என்ற பொருள் போய்விடுகிறது.

ஆக, 'அல்ஜீப்ரா வரலை' என்று வந்த பெண்ணின் 20 கணக்கில் இயற்கணிதத்துக்கென்றே உரிய தவறு இரண்டு மூன்றுதான். மீதி எல்லாம் அதற்குக் கீழே இருக்கும் பின்னம், குறை எண், சமக்குறி. வெறும் இயற்கணிதப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தால் பத்தாம் பக்கத்தில் நின்றிருப்பாள்.

ஐந்து புத்தகங்களையும் பக்கம் புரட்டிப் பார்த்தல்

அட்டை, முன்னுரை, பொருளடக்கம் எதுவும் உதவாது. ஒவ்வொரு புத்தகத்திலும் நான்கு இடங்களைத் திறந்தால் போதும்: சமன்பாடு முதன்முதலில் வரும் பக்கம், எழுத்து முதன்முதலில் வரும் பக்கம், குறை எண்ணைக் கழிக்கும் பக்கம், கடைசியில் விடைப் பக்கம். ஒரு புத்தகத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

சமன்பாட்டுப் பக்கத்தில் இரண்டு பக்கமும் சமம் என்று காட்டும் தராசுப் படம் இருக்கிறதா, அல்லது எடுத்த எடுப்பில் 'இடமாற்று' வந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். 2ம = 10-க்கு '8' எழுதிய பிள்ளைக்கு, இரண்டு பக்கத்தையும் 2-ஆல் வகு என்று ஒவ்வொரு வரியிலும் எழுதிக் காட்டும் புத்தகம் வேண்டும். தராசுக்கும் ஓர் எல்லை உண்டு: குறை எடையைத் தட்டில் வைக்க முடியாது. நல்ல புத்தகம் தராசை நாலைந்து கணக்கோடு விட்டுவிட்டு 'இரண்டு பக்கமும் ஒரே வேலை செய்' என்ற விதிக்கு நகர்ந்துவிடும். 2ம = 10 மாதிரி ஒரே செயலில் முடியும் சமன்பாடுகள் எத்தனை இருக்கின்றன என்றும் எண்ண வேண்டும். இரண்டு செயல் வேண்டியவற்றுக்குப் போவதற்கு முன் பதினைந்து கணக்காவது இல்லையென்றால் இந்தப் பெண்ணுக்குப் போதாது.

எழுத்து முதலில் வரும் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. 'மாம்பழத்தை ம என்போம். 3 மாம்பழமும் 2 ஆப்பிளும் 3ம + 2ஆ' என்று எழுதியிருந்தால் அந்த விளக்கம் ஆகாது. பிள்ளைக்கு உடனே புரிந்த மாதிரி இருக்கும், அதுதான் ஆபத்து. ம என்பது மாம்பழம் அல்ல, எண். ஒரு மாம்பழத்தின் விலை ம ரூபாய், ஒரு ஆப்பிளின் விலை ஆ ரூபாய் என்றால்தான் 3ம + 2ஆ-வுக்கு அர்த்தம்: மொத்தம் கொடுக்க வேண்டிய பணம். பழமாகவே பிடித்துக்கொண்ட பிள்ளை 'ம = 12' என்று வந்தால் திகைக்கும், மாம்பழம் எப்படிப் பன்னிரண்டாகும் என்று. ம × ம வரும்போது மாம்பழத்தை மாம்பழத்தால் எப்படிப் பெருக்குவது? கைடுகளிலும் சில தனியார் புத்தகங்களிலும் இந்தப் பழக்கடை விளக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தீக்குச்சி அடுக்கி, 'இத்தனை வடிவத்துக்கு இத்தனை குச்சி' என்று தொடங்கும் புத்தகங்கள் பரவாயில்லை. அங்கே எழுத்து எண்ணாகவே பிறக்கிறது. மாநில ஆறாம் வகுப்புப் பாடநூலும் பழைய என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்புப் புத்தகமும் இப்படித்தான் தொடங்குகின்றன.

குறை எண் பக்கத்தில் 3 − (−2) அடைப்புக்குறியோடு தெளிவாக அச்சாகியிருக்கிறதா, எண்கோட்டில் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே ஓர் அற்பமான, ஆனால் உயிரை வாங்கும் விஷயம்: ஜெராக்ஸ். பிடிஎஃப்-ஐச் சிறிதாக்கி ஒரு தாளில் இரண்டு பக்கமாக எடுத்தால் மெலிந்த குறைக்குறி காணாமல் போகும். பிள்ளை சரியாகப் போட்டும் விடைப் பக்கத்தோடு ஒத்துவராது, ஒரு மணி நேரம் போகும். முழு அளவில் எடுக்க வேண்டும்.

விடைப் பக்கம் வீட்டு நிலவரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. சொல்லித்தர ஆள் இல்லாத வீட்டில் எல்லாக் கணக்குக்கும் இறுதி விடை வேண்டும், ஆனால் முழுச் செய்முறை வேண்டாம். ஒற்றைப்படை எண்களுக்கு மட்டும் விடை தரும் அமெரிக்கப் புத்தகங்கள் ஆசிரியர் வைத்து நடத்துவதற்கானவை.

இந்தக் கண்ணோடு பார்த்தபோது:

அமெரிக்கப் புத்தகத்தின் விளக்கங்கள் ஐந்திலும் சிறந்தவை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பழைய பாடக் கணக்குகள் கலந்து வருகின்றன. மறதிக்கு அதைவிட மருந்து இல்லை. ஆனால் நூற்றுக்கும் மேல் பாடங்கள். ஒரு பாடத்துக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தாலும் 75 மணி நேரம் தாண்டுகிறது. நம்மிடம் இருப்பது மே முதல் ஜூன் கடைசி வரை 8 வாரம், வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 40 நிமிடம்: 26 மணி 40 நிமிடம். போதாததற்கு வாக்கியக் கணக்குகள் முழுக்க டைம், நிக்கல், குவார்ட்டர் என்ற அமெரிக்கக் காசுகள், மைல், அவுன்ஸ், பேஸ்பால். நிக்கல் என்றால் 5 சென்ட் என்று தெரிந்தால்தான் சமன்பாடே எழுத முடியும். நான்கு வாக்கியக் கணக்குகளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னதில் ஒவ்வொன்றிலும் மூன்று இடத்துக்கு மேல் நின்றாள். கணக்குப் படிக்க உட்கார்ந்து ஆங்கிலப் பாடம் நடத்த வேண்டியிருக்கும். மாமாவுக்கு வருத்தம்தான்.

பழைய என்.சி.இ.ஆர்.டி. ஏழாம் வகுப்பு: எளிய சமன்பாடுகள் அத்தியாயம் நன்றாக இருக்கிறது, வாக்கியத்திலிருந்து சமன்பாடு, சமன்பாட்டிலிருந்து வாக்கியம் என்று இரண்டு பக்கமும் ஓட்டுகிறார்கள். பயிற்சி எண்ணிக்கை குறைவு. 2024-இல் ஆறாம் வகுப்புக்கும் 2025-இல் ஏழாம் வகுப்புக்கும் 'கணித பிரகாஷ்' என்று புதுப் புத்தகம் வந்துவிட்டது, சி.பி.எஸ்.இ. பிள்ளைக்கு வாங்குவோர் பழைய புத்தகக் கடையில் பதிப்பைப் பார்த்து வாங்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அது துணைப் புத்தகம்தான், பழையதே போதும்.

கைடு: தள்ளுபடி. காரணம் பின்னால் வருகிறது.

மாநிலப் பாடநூல், இரு வழியும்: பிள்ளைக்குத் தெரிந்த உலகம், ரூபாய், கிலோ. பின்னால் விடைகள் இருக்கின்றன. கியூஆர் குறியீடும் உண்டு. இரு வழிப் பதிப்புகளிலும் பாடமும் பயிற்சி எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் தமிழ்ப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தில் அதே கணக்கைப் போடலாம். மற்ற மூன்றில் எதிலும் இந்த வசதி இல்லை.

குறை என்ன? வரிசை. ஆறாம் வகுப்பில் இயற்கணித அறிமுகம் முதல் பருவத்தில் வருகிறது. பின்னங்களும் முழுக்களும் (குறை எண்களும் சேர்ந்த எண்கள்) மூன்றாம் பருவத்தில் வருகின்றன. அதுவும் முழுக்கள் பாடத்தில் எண்கோடு, எது பெரிது எது சிறிது என்பதோடு நிற்கிறது; கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் ஏழாம் வகுப்பு முதல் பருவத்தின் முதல் பாடம். அதே முதல் பருவத்திலேயே இயற்கணிதக் கோவைகளும் எளிய சமன்பாடும் வந்துவிடுகின்றன. தேர்ந்த மாணவருக்கு இது ஒன்றும் செய்யாது, தொட்டுத் தொட்டுப் போவது நல்லதுகூட. ஆறாவதின் மூன்றாம் பருவத்தில் கோட்டைவிட்ட பிள்ளைக்குத்தான் ஏழாவதின் முதல் பருவம் மொத்தமும் அந்தரத்தில் தொங்கும். மாம்பழ சீசன் தொடங்கும் மாதங்களில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவது குறைவதும், மூன்றாம் பருவம் அந்த மாதங்களோடு முட்டுவதும் தனிக் கதை.

தேர்ந்த வரிசை

ஆகப் புதுப் புத்தகம் எதுவும் வாங்கவில்லை. மாநிலப் பாடநூலே முதுகெலும்பு. ஆனால் அச்சான வரிசையில் அல்ல.

முதல் இரண்டு வாரம்: ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவம், பின்னங்கள், தமிழ்வழிப் புத்தகம். மூன்றாம் வாரம் அதே பருவத்தின் முழுக்கள், மூன்றாம் வாரக் கடைசியிலிருந்து நான்காம் வாரம் முழுக்க ஏழாம் வகுப்பு முதல் பருவம் முதல் பாடம். ஐந்தாம் வாரம் ஆறாம் வகுப்பு முதல் பருவ இயற்கணித அறிமுகம், கூடவே சமக்குறிக் கணக்குகள் நாளுக்கு ஐந்து. ஆறு, ஏழாம் வாரங்கள் ஏழாம் வகுப்பு முதல் பருவ இயற்கணிதம், இங்கே ஆங்கிலப் புத்தகத்துக்கு மாற்றம். எட்டாம் வாரம் என்.சி.இ.ஆர்.டி.யின் எளிய சமன்பாடுகளிலிருந்து வாக்கியக் கணக்குகள்.

நாளின் 40 நிமிடம்: முதல் 5 நிமிடம் பழைய பாடத்திலிருந்து நான்கு கணக்கு. (அமெரிக்கப் புத்தகத்தின் கலவைப் பயிற்சியை இப்படிக் கடன் வாங்கினோம், மாமாவின் புத்தகம் வீணாகவில்லை, அதிலிருந்து வெறும் எண் கணக்குகள் மட்டும் எடுத்தது.) அடுத்த 15 நிமிடம் எடுத்துக்காட்டு ஒன்று அல்லது இரண்டு. படித்து முடித்ததும் ஒரு அட்டையால் மூடிவிட்டு, தானே போட்டு, அட்டையை வரி வரியாக இறக்கி ஒப்பிட வேண்டும். 'பாத்தேன், புரிஞ்சுது' என்பது கணக்கில் சேராது. மீதி 20 நிமிடம் 8 முதல் 10 கணக்கு, கட்டம் போட்ட நோட்டில், ஒரு வரிக்கு ஒரே ஒரு '='. இந்த ஒரு கட்டுப்பாடு 5 × 3 = 15 + 2 வகையை இரண்டு வாரத்தில் நிறுத்திவிடும்.

பத்தில் மூன்று வரை தவறினால் மறுநாள் அதே பக்கம். ஐந்து தவறினால் அந்தப் பக்கம் அவளுக்கு இப்போது இல்லை, முந்தைய பாடத்துக்குப் போக வேண்டும். 'சிலபஸ் முடியணுமே' என்ற அவசரம் அம்மாவுக்கு இருந்தது.

சொல் அட்டை ஒன்று தேவைப்பட்டது. ஒரு பக்கம் ஆங்கிலவழியில் வகுப்பில் கேட்கும் சொல், மறுபக்கம் தமிழ்ப் புத்தகச் சொல்: வேரியபிள், மாறி, கான்ஸ்டன்ட், மாறிலி, கோ எஃபிஷியன்ட், கெழு, டேர்ம், உறுப்பு, எக்ஸ்பிரஷன், கோவை, ஈக்வேஷன், சமன்பாடு, நியூமரேட்டர், தொகுதி, டினாமினேட்டர், பகுதி. தமிழ்வழி என்பதாலேயே எல்லாம் எளிதாகிவிடாது என்பதற்கு இந்த அட்டையே சாட்சி. 'முழு எண்கள்' வேறு, 'முழுக்கள்' வேறு. முன்னது 0, 1, 2, 3 என்று போவது, பின்னதில் குறை எண்களும் சேரும். இதைப் பிரித்துச் சொல்லாமல் விட்டால் ஒரு வாரம் குழம்புவார்கள்.

நடுவில் கெட்டது

இரண்டாம் வாரக் கடைசியில் பின்னத்தில் ஆறு கணக்கு மறுதேர்வு: ஐந்து சரி. தவறியது 1/2 ÷ 1/4. தலைகீழாக்கிப் பெருக்கு என்ற சூத்திரத்தில் எதைத் தலைகீழாக்குவது என்று மறந்து 1/8 என்றாள். 'அரையில் எத்தனை கால் இருக்கு' என்று கேட்டதும் இரண்டு. பாட்டியின் அளவைகள் இங்கே பாடநூலைவிட வேகமாக வேலை செய்தன. ஆனால் 2/7, 3/11 வரும்போது அரை, கால், வீசம் எதுவும் கைகொடுக்காது. அதற்குள் மீச்சிறு பொது மடங்குக்கு (எல்.சி.எம்.) நகர்ந்துவிட வேண்டும். கிலோக் கணக்கிலேயே சுகமாக உட்கார்ந்துவிட்டால் அதுவே தடை.

மூன்றாம், நான்காம் வாரம்தான் உண்மையிலேயே இழுத்தது. குறை எண்ணைக் கழிக்கும் பயிற்சி இந்தப் பெண்ணுக்குப் போதவில்லை, கூடுதலாக 30 கணக்கு கையால் எழுதித் தர வேண்டியிருந்தது. கடல்மட்டம், வெப்பநிலை என்ற பாடநூல் எடுத்துக்காட்டுகள் காவேரிப்பட்டணத்தில் ஒட்டவில்லை. அப்பாவின் முன்பணக் கணக்கு நோட்டு ஒட்டியது: ஏழு ரூபாய் கடன், நாலு கொடுத்தாச்சு, மூணு பாக்கி, அதாவது −7 + 4 = −3. கடனில் இரண்டு ரூபாயைத் தள்ளுபடி செய்தால் கைக்கு இரண்டு ரூபாய் வந்த மாதிரி, ஆக 3 − (−2) = 5. ஆனால் குறையைக் குறையால் பெருக்குவதற்குக் கடன் கதை நொண்டும். அங்கே அட்டவணைதான்: 3 × −2 = −6, 2 × −2 = −4, 1 × −2 = −2, 0 × −2 = 0. ஒவ்வொரு படியிலும் 2 கூடுகிறது. அடுத்த வரி −1 × −2, எனவே 2. அவளையே எழுத வைத்தால் தானே முடித்துவிடுவாள்.

ஐந்தாம் வாரம் திடீரென்று எல்லாம் சரியாக வர ஆரம்பித்தது. பத்துக்குப் பத்து, மூன்று நாள். சந்தேகப்பட வேண்டிய இடம் அது. தள்ளிவைத்த கைடு தலையணைக்கு அடியில் இருந்தது. அவளைத் திட்டிப் பயனில்லை. முழுச் செய்முறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பன்னிரண்டு வயதில் யாரும் எடுப்பார்கள். கைடில் 3ம + 5 = 20-க்கு அடுத்த வரி 3ம = 15, அதற்கடுத்து ம = 5. இரண்டு பக்கமும் 5 கழித்தது, 3-ஆல் வகுத்தது இரண்டும் வரியில் இல்லை. அவள் தடுமாறும் இடம் அதுவேதான். அந்த மூன்று நாள் வேலையையும் அடித்துவிட்டு மறுபடி போட வேண்டியதாயிற்று. கைடு ஓசூருக்குப் போனது.

ஜூனில் பள்ளி திறந்ததும் 40 நிமிடம் 25 ஆகச் சுருங்கியது. எட்டாம் வாரம் பத்தாம் வாரம் வரை நீண்டது. என்.சி.இ.ஆர்.டி. வாக்கியக் கணக்குகளில் பாதிதான் முடிந்தது.

முடிவில் அதே 20 கணக்கு, எண்களை மட்டும் மாற்றி. சமக்குறி மூன்றும் சரி. பின்னம் நான்கும் சரி. குறை எண்ணில் ஒன்று தவறு, அதையும் கோடு போட்டுத் தானே திருத்தியிருந்தாள். 3ம + 4 இப்போது 3ம + 4 ஆகவே நிற்கிறது. ஆங்கில 'லெஸ் தேன்' கணக்கில், மேலே சின்ன எழுத்தில் 'எண்ணை விட' என்று தமிழில் எழுதிக்கொண்டு ம − 5 போட்டிருக்கிறாள். அந்தப் பழக்கத்தை இப்போதைக்குத் தடுக்க வேண்டாம்.

விட்டுப்போனது அடைப்புக்குறிக்கு வெளியே குறைக்குறி வரும் இடம். −2(ம − 3)-ஐ −2ம − 6 என்கிறாள். −2ம + 6 என்று வர வேண்டும். எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் இது பக்கத்துக்குப் பக்கம் வரும். அதற்குப் புதுப் புத்தகம் வேண்டாம். ஏழாம் வகுப்பு முதல் பருவத்தின் முதல் பாடத்தில் முழுக்களின் பங்கீட்டுப் பண்பு வரும் பகுதியை எடுத்து, −2 × (5 − 3) போன்றவற்றை இரண்டு வழியிலும் போட்டு விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்: −2 × 2 = −4; −10 + 6 = −4. நாளுக்கு ஐந்தாக ஒரு வாரம்.